பத்துப் பேர் உட்கார்ந்த மேசை: 2021 அமெரிக்க உள்கட்டமைப்புச் சட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

2021 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க செனட் சபை 1.2 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள உள்கட்டமைப்பு மசோதாவை 69–30 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சாலை, பாலம், ரயில், குடிநீர், மின்கடத்தல், இணையம் எல்லாம் அதில் அடக்கம். ஆதரித்து வாக்களித்தவர்களில் 19 பேர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஏழு மாதம் முன்பு, ஜனவரி 6 அன்று, இதே கட்டடத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து, உறுப்பினர்கள் உயிருக்குப் பயந்து பாதுகாப்பான அறைகளுக்கு ஓடினார்கள். அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவில் நடந்ததைத்தான் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். எல்லோரும் பொதுவாழ்வில் இருப்பவர்கள், யார் என்று தேடினால் கிடைத்துவிடும். ஆனால் பெயர் வந்த உடனே நம் மனம் பிடித்தவர், பிடிக்காதவர் என்று கட்சி கட்டிக்கொள்கிறது. இங்கே பார்க்க வேண்டியது வேலை நடந்த விதம். அதற்குக் கட்சி, மாநிலம், பொறுப்பு இந்த மூன்றும் போதும்.

பின்னணி

2021 தொடக்கத்தில் செனட்டில் இரு கட்சிக்கும் ஐம்பது ஐம்பது இடம். வாக்கு சமமானால் துணை அதிபர் தன் வாக்கைப் போட்டு முடிவு செய்வார், அந்தப் பதவி ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. பிரதிநிதிகள் சபையிலும் அதே கட்சிக்குத்தான் பெரும்பான்மை, ஆனால் மிக மெல்லியது. செனட்டில் சாதாரண மசோதா ஒன்றின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். அதாவது எதிர்த்தரப்பிலிருந்து குறைந்தது பத்துப் பேர் வந்தாக வேண்டும்.

ஒரு பக்கவழியும் உண்டு. வரவு செலவு சம்பந்தப்பட்டவற்றை ‘ரீகன்சிலியேஷன்’ என்ற தனி நடைமுறையில் கொண்டுவந்தால் வெறும் பெரும்பான்மை போதும். புது அரசு மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணத்தை அப்படித்தான் நிறைவேற்றியது. எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. தனியாகவே முடித்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு கையில் இருக்கும்போது எதிர்த்தரப்பிடம் ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி ஆளும் கட்சிக்குள் பலமாக இருந்தது. இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்வி பின்னால் நின்றுகொண்டே இருக்கும்.

உள்கட்டமைப்பு என்ற விஷயத்தில் தேவை பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் 2021 மார்ச்சில் நாட்டின் கட்டமைப்புக்குக் கொடுத்த மதிப்பெண் ‘சி மைனஸ்’. சாலை நிதிக்குப் போகும் மத்திய பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993க்குப் பிறகு அது ஏறவே இல்லை. முந்தைய அதிபரும் பெரிய திட்டம் கொண்டுவருவதாகச் சொன்னவர்தான். 2019 ஏப்ரலில் அவரும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களும் 2 லட்சம் கோடி டாலர் என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து நடந்த அடுத்த கூட்டத்தில், தன் மீதான விசாரணைகளை நிறுத்தினால்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டுச் சில நிமிடங்களில் அவர் வெளியேறினார். ஆக, எல்லோரும் வேண்டும் என்று சொல்லும் ஒன்று பல வருஷமாக நடக்காமல் கிடந்தது.

அதற்கு முன்பே போடப்பட்ட மேசை

பலர் கதையை 2021 மார்ச்சில் ஆரம்பிக்கிறார்கள். நான் 2020 நவம்பரில் ஆரம்பிப்பேன். அந்த வருஷம் வசந்தத்துக்குப் பிறகு கொரோனா நிவாரணப் பேச்சு பல மாதம் முடங்கிக் கிடந்தது. கட்சித் தலைவர்கள் அவரவர் எண்ணில் பிடிவாதமாக நின்றார்கள். தேர்தல் முடிந்த கையோடு இரு கட்சியையும் சேர்ந்த சில செனட்டர்கள் ஒரு சக உறுப்பினர் வீட்டில் இரவு உணவுக்குக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். டிசம்பர் 1 அன்று 90,800 கோடி டாலர் வரைவு ஒன்றைப் பத்திரிகையாளர்கள் முன் வைத்தார்கள்.

அதில் இரண்டு முள் இருந்தது. மாநில, நகர அரசுகளுக்கு உதவிப் பணம் வேண்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் ஆசை. கொரோனா தொடர்பான வழக்குகளிலிருந்து நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது குடியரசுக் கட்சியின் ஆசை. கடைசியில் இரண்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஏறக்குறைய 90,000 கோடி டாலர் சட்டமாக டிசம்பர் 27 அன்று கையெழுத்தானது.

இதில் முக்கியமானது பணத்தின் அளவு இல்லை. இன்னார் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவார், இன்னார் உள்ளே பேசியதை வெளியே போய்ச் சொல்லமாட்டார் என்று இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இரு பக்கமும் தன்னுடைய மிகப் பெரிய ஆசையை ஒரே நேரத்தில் கீழே வைக்க முடியும் என்பதையும் கண்டார்கள். அடுத்த வருஷம் அதே மேசைக்கு அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

முதல் முயற்சி: அதிபரும் ஒரு செனட்டரும்

2021 மார்ச் 31 அன்று அதிபர் பிட்ஸ்பர்க் நகரத்தில் தன் திட்டத்தை அறிவித்தார். 2 லட்சம் கோடி டாலருக்கும் மேல். சாலை பாலத்தோடு முதியோர் பராமரிப்பும் அதில் இருந்தது. செலவை நிறுவன வரியை உயர்த்தி ஈடுகட்டுவதாகத் திட்டம்.

எதிர்த்தரப்பில் மேற்கு வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் பேச்சுக்கு வந்தார். ஏப்ரல் 22 அன்று அவர் தரப்பு சொன்ன எண் 56,800 கோடி டாலர். அதிபர் தரப்பு 1.7 லட்சம் கோடிக்கு இறங்கியது. மே 27 அன்று எதிர்த்தரப்பு 92,800 கோடிக்கு ஏறியது. காகிதத்தில் இடைவெளி குறைவதுபோலத் தெரிந்தது. உள்ளே பார்த்தால், 92,800 கோடியில் பெரும்பகுதி எப்படியும் செலவாகப் போகிற வழக்கமான பணம். புதுப்பணம் சுமார் 25,700 கோடிதான்.

இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றன. 2017இல் 21 சதவீதமாகக் குறைத்த நிறுவன வரியைத் தொடக்கூடாது என்றது குடியரசுக் கட்சி. ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்குக் கீழ் சம்பாதிப்பவர்கள்மேல் எந்த வரியும் ஏற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அதிபர், அதனால் பெட்ரோல் வரியும் முடியாது. ஜூன் 8 அன்று பேச்சு நின்றது.

இந்தத் தோல்வியை வீணான இரண்டு மாதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் சுவர் நிஜமான சுவர், எது பேரத்துக்காகக் கட்டிய தட்டி என்பது இதில்தான் தெரிந்தது. ஆனால் ஒரு பிழை இருந்தது. ஒரு செனட்டர் தன் கட்சி முழுவதன் சார்பாகப் பேச வேண்டியிருந்தது, எதிரே அதிபர் தன் கட்சி முழுவதன் சார்பாக உட்கார்ந்திருந்தார். கட்சிகள் நேருக்கு நேர் பேசினால் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு பைசாவும் தோல்வி என்று எண்ணப்படுகிறது.

பத்துப் பேர்

இரண்டு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, ஐந்து ஜனநாயகக் கட்சியினரும் ஐந்து குடியரசுக் கட்சியினரும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். முதல் பேச்சு முறியும் முன்பே இவர்கள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னணியில் இருவர். ஒருவர் அரிசோனாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர், அது அவருக்கு முதல் பதவிக்காலம். மற்றவர் ஓஹாயோவின் குடியரசுக் கட்சி செனட்டர். ஒரு காலத்தில் வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகத்தை நடத்தியவர், எண்களோடு பழகியவர். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். இந்தக் கடைசி விவரத்தை மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கட்சிக்காரர்களின் கோபம் அவரை அடுத்த தேர்தல் வழியாகத் தொட முடியாது.

இவர்கள் எடுத்த முடிவுகளில் மூன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எது உள்கட்டமைப்பு என்பதற்கு எல்லை போட்டார்கள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது, சிமெண்டும் கம்பியும் குழாயும் கேபிளும் போகிற வேலை மட்டும் உள்ளே. முதியோர் பராமரிப்பு வெளியே. வெளியே வைத்தது தூக்கி எறியப்படவில்லை. அதை ஆளும் கட்சி ரீகன்சிலியேஷன் வழியில் தனியாகக் கொண்டுபோகட்டும், நாங்கள் எதிர்த்து வாக்களிப்போம், அது வேறு கதை என்று விட்டார்கள். டிசம்பரில் செய்த அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இரண்டாவது, வரியைத் தொடுவதில்லை என்று தீர்த்தார்கள். தொடக்கத்தில் பெட்ரோல் வரியை விலைவாசியோடு சேர்த்து ஏற்றும் யோசனை இருந்தது. அதிபர் தரப்பு மறுத்ததும் அதையும் விட்டுவிட்டார்கள். இதற்கு ஒரு விலை உண்டு, பின்னால் வருகிறது.

மூன்றாவது, இரண்டு எண்களை வைத்துக்கொண்டார்கள். எட்டு வருஷத்துக்கு மொத்தம் 1.2 லட்சம் கோடி, அதில் புதுப்பணம் 57,900 கோடி. பெரிய எண்ணைச் சொல்ல விரும்புகிறவர் முதலாவதைச் சொல்லலாம். ஊருக்குப் போய்ச் செலவைக் கட்டுப்படுத்தினேன் என்று சொல்ல வேண்டியவர் இரண்டாவதைச் சொல்லலாம். இரண்டுமே உண்மை. உடன்பாட்டுக்கு வந்தவர்கள் அவரவர் வாக்காளரிடம் போய்ப் பேச வார்த்தை வேண்டும் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே யோசித்திருந்தார்கள்.

வேலையைப் பொருள் வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தில் மூத்த உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கிய, பெயர்ப்பலகை இல்லாத சின்ன அறைகள் பல உண்டு. கேமரா உள்ளே போகாது. அங்கே உட்கார்ந்து குடிநீர், பொதுப் போக்குவரத்து, இணையம் என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்து முடித்தார்கள்.

ஜூன் 16 அன்று ஆதரவாளர் எண்ணிக்கை 21 ஆனது. அதில் 11 பேர் குடியரசுக் கட்சி. 60ஐத் தொட பத்துப் பேர் வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தக் கணக்கு இங்கேதான் முதல்முறையாக நேரானது. அதுவரை நல்ல எண்ணம் கொண்ட சிலரின் முயற்சி என்று பார்க்கப்பட்டது, அன்று முதல் சட்டமாகக்கூடிய ஒன்றாகிவிட்டது.

ஜூன் 24: ஒரே நாளில் ஏற்றமும் சறுக்கலும்

அன்று பகலில் அதிபர், இரு கட்சி செனட்டர்களும் பக்கத்தில் நிற்க, வெள்ளை மாளிகைக்கு வெளியே வந்து உடன்பாடு முடிந்தது என்றார். சில மணி நேரம் கழித்து நடந்த செய்தியாளர் சந்திப்பில், இது மட்டும் தனியாக என் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன், இன்னொன்றும் கூடவே வர வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

மேசையில் உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சியினருக்கு இது கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது மசோதா வரும் என்பது அவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, நான் போட்ட வாக்கு நான் எதிர்க்கும் மசோதாவுக்குச் சாவியாகிவிட்டது என்று சொந்தக் கட்சிக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் நிலை வேறு. இரு தண்டவாளமாக இருந்தவரை அவர்களால் நடக்க முடிந்தது. அன்று அதிபர் இரண்டையும் சங்கிலியால் கட்டினார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் புரியக்கூடியதே. தன் கட்சியின் முற்போக்குப் பிரிவு, சாலைப் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று பயந்தது. அவர்களை அமைதிப்படுத்தப் பேசிய பேச்சு மறுபக்கத்தைக் கலைத்தது. ஒரே வாயால் இரண்டு கூட்டத்துக்கு ஒரே நாளில் பேசுவதில் இருக்கும் கஷ்டம் இது.

இரண்டு நாள் தொலைபேசியிலேயே போனது. ஜூன் 26, சனிக்கிழமை, அதிபர் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். வீட்டோ மிரட்டல் விடுவது தன் நோக்கம் இல்லை, உடன்பாட்டுக்கு முழு ஆதரவு உண்டு என்றது அது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அதை ஏற்றுக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்கள். இந்த ஆய்வில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். நாட்டின் அதிபர் சொன்னதை எழுத்தில் திருத்திக்கொண்டார். அவமானப்பட்டவர்கள் அதை வெற்றியாகக் கொண்டாடாமல் அடுத்த கூட்டத்துக்குத் தேதி பார்த்தார்கள். தேசிய அரசியலில் இரண்டுமே அபூர்வம்.

ஜூலை: தோற்ற வாக்கெடுப்பு

உடன்பாடு என்பது ஒரு பக்கத் தாள். சட்டம் என்பது ஆயிரக்கணக்கான பக்கம். நடுவில் வருவதுதான் உண்மையான வேலை.

வரி ஏய்ப்பைப் பிடிக்க வருமான வரித் துறைக்குக் கூடுதல் பணம் கொடுத்து, அதில் வரும் வசூலை வைத்துச் செலவை ஈடுகட்டலாம் என்று ஜூனில் எழுதியிருந்தார்கள். குடியரசுக் கட்சியில் எதிர்ப்பு எழுந்தது, ஜூலை நடுவில் அது போனது. பதிலுக்கு, செலவாகாமல் கிடந்த கொரோனா நிதி, மருந்துத் தள்ளுபடி விதி ஒன்றைத் தள்ளிப்போடுவதில் வரும் மிச்சம், அலைக்கற்றை ஏலம், கிரிப்டோ பரிவர்த்தனைகளுக்குத் தகவல் கட்டாயம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். நெடுஞ்சாலைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பணம் பிரிப்பதில் 1980களிலிருந்து வழக்கில் இருக்கும் 80–20 விகிதம் பெரிய தகராறாக வந்து நின்றது.

வேலை முடியும் முன்பே, ஜூலை 21 அன்று, மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்று செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் வாக்கெடுப்பு வைத்தார். 49–51 என்று தோற்றது. மறுபடி கொண்டுவரும் உரிமை வேண்டும் என்பதற்காகத் தன் வாக்கையும் எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டார், இது அங்குள்ள நடைமுறை. மசோதாவின் வாசகமே தயாராகாதபோது ஆதரிக்க முடியாது என்றது குடியரசுக் கட்சி. கெடு வைத்ததால்தான் பேச்சு நகர்ந்தது என்று ஜனநாயகக் கட்சியினர் வாதிட்டார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அந்தத் தோல்விக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். அதற்குள் 22 பேராகியிருந்த குழு, இரு கட்சியினரும் சேர்ந்து, உடன்பாட்டை நெருங்கிவிட்டோம் என்று கூட்டறிக்கை விட்டது. ஆளும் கட்சியினர் எதிர்த்தரப்பு முறித்துவிட்டது என்று சொல்லவில்லை. எதிர்த்தரப்பினர் அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுந்து போகவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூலை 28 அன்று, அதே கேள்வி 67–32 என்று வென்றது. 17 குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். புதுப்பணம் 55,000 கோடியாகச் சுருங்கியிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று 2,702 பக்க வாசகம் வெளியானது.

ஆகஸ்ட் 5 அன்று காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், வரவு செலவு ஆய்வு அலுவலகம், இந்த மசோதா பத்து வருஷத்தில் பற்றாக்குறையை 25,600 கோடி டாலர் கூட்டும் என்று கணக்குச் சொன்னது. முழுக்க ஈடுகட்டிவிட்டோம் என்று குழு சொல்லிவந்தது. மேலே சொன்ன விலை இதுதான்: வரியைத் தொடாததால் உடன்பாடு வந்தது, உடன்பாட்டின் பணக்கணக்கு ஓட்டையாக வந்தது. முந்தைய அதிபர் அறிக்கைமேல் அறிக்கை விட்டு, ஆதரித்து வாக்களிப்பவர்களை எச்சரித்துக்கொண்டிருந்தார். அப்படியும் ஆகஸ்ட் 10 அன்று 69 வாக்கு விழுந்தது. எதிர்க்கட்சியின் செனட் தலைவரும் அதில் ஒருவர்.

பிரதிநிதிகள் சபை: மூன்று மாதக் காத்திருப்பு

ஜூன் 26இல் அவிழ்த்ததாகச் சொன்ன சங்கிலி இங்கே மறுபடி கட்டப்பட்டது. இரண்டாவது மசோதா இல்லாமல் இதற்கு வாக்களிக்கமாட்டோம் என்றது முற்போக்குப் பிரிவு. முதலில் இதை முடியுங்கள் என்றது அதே கட்சியின் மிதவாதப் பிரிவு. செப்டம்பர் 27க்குள் வாக்கெடுப்பு என்று ஆகஸ்டில் கொடுத்த வாக்கு தவறியது. அக்டோபர் 1 அன்று அதிபரே நேரில் வந்து தன் கட்சியினரிடம் பேசினார், வாக்கெடுப்பு நடக்கவில்லை. நவம்பர் 2 அன்று வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி தோற்றது. மூன்று நாள் கழித்து, நவம்பர் 5 இரவு நள்ளிரவை ஒட்டி, மசோதா 228–206 என்று நிறைவேறியது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜனநாயகக் கட்சியின் ஆறு பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் 13 பேர் ஆதரித்தார்கள். அந்த 13 பேரும் எதிர்த்திருந்தால் கணக்கு 215–219, மசோதா விழுந்திருக்கும். செனட்டில் மூன்று மாதம் முன்பு 19 பேர் ஆதரித்தபோது பெரிய ஆபத்து இல்லாத வாக்கு அது. நவம்பரில் நிலைமை மாறிவிட்டது. அந்த மசோதா அதற்குள் அதிபரின் வெற்றி தோல்வியாகிவிட்டது. ஆதரித்த 13 பேரின் பெயரையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் அவர்கள் கட்சியின் சக உறுப்பினர் ஒருவரே சமூக ஊடகத்தில் போட்டார். மிச்சிகனைச் சேர்ந்த மூத்த உறுப்பினருக்குக் கொலை மிரட்டல் குரல்பதிவு வந்தது, அதை அவர் தொலைக்காட்சியில் ஒலிபரப்ப அனுமதித்தார். பாலம் கட்டுவதற்கு வாக்களித்ததற்காக.

நவம்பர் 15 அன்று வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் அதிபர் கையெழுத்திட்டார். அரிசோனா செனட்டரும் ஓஹாயோ செனட்டரும் அங்கே பேசினார்கள்.

பிறகு நடந்தவை

2022 ஜனவரி 28 காலை, இதே திட்டம் அறிவிக்கப்பட்ட பிட்ஸ்பர்க்கில், பனி மூடிய ஒரு பாலம் பள்ளத்தாக்கில் சரிந்து விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த பேருந்தும் கூடவே இறங்கியது. உள்கட்டமைப்பு பற்றிப் பேச அன்றுதான் அதிபர் அந்த நகரத்துக்கு வரவிருந்தார். பத்துப் பேர் காயமடைந்தார்கள், யாரும் இறக்கவில்லை. மோசமான நிலையில் இருப்பதாகப் பத்து வருஷமாக அறிக்கையில் எழுதப்பட்டு வந்த பாலம் அது. புதுச் சட்டத்தின் பணத்தில், சுமார் 2.5 கோடி டாலர் செலவில், அந்த வருஷம் டிசம்பரிலேயே புதுப்பாலம் திறந்தது.

எல்லாம் அந்த வேகத்தில் நடக்கவில்லை. மின்சார வாகன சார்ஜிங் நிலையங்களுக்கு 750 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலங்கள் வழியாகப் போன அந்தப் பணத்தில் முதல் நிலையம் ஓஹாயோவில் 2023 டிசம்பரில்தான் திறந்தது, கையெழுத்து போட்டு இரண்டு வருஷம் கழித்து. இணைய வசதிக்கான பெரும்பகுதிப் பணமும் விதிமுறை, வரைபடம், ஒப்புதல் என்று வருஷக்கணக்கில் நகர்ந்தது. இரு கட்சிகள் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் இது என்று மக்களுக்குக் கண்ணில் காட்ட ஒன்றும் இல்லாமல் ஒரு தேர்தல் போய்விட்டது.

பிரதிநிதிகள் சபையில் ஆதரித்த 13 பேரில் மேற்கு வர்ஜீனியாக்காரர் ஒருவர், 2022 மே மாதம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார். முந்தைய அதிபரின் ஆதரவு பெற்ற எதிராளி, இந்த வாக்கையே அவர்மேல் குற்றமாக வைத்தார்.

மறுபக்கம், மேசை கலையவில்லை. 2022 ஜூன் மாதம், டெக்சாஸ் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, இரு கட்சியிலிருந்தும் பத்துப் பத்துப் பேர் சேர்ந்து ஓர் உடன்பாட்டின் வரைவை வெளியிட்டார்கள். துப்பாக்கிச் சட்டம் 65–33 என்று செனட்டில் நிறைவேறியது. பல வருஷமாக யாராலும் தொட முடியாத விஷயம் அது. அரிசோனா செனட்டர் அங்கேயும் இருந்தார். அந்த ஆண்டு முடிவில், அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணும் முறையைத் திருத்தும் சட்டமும் இரு கட்சி ஆதரவோடு வந்தது. ஜனவரி 6 போல மறுபடி நடக்காமல் தடுப்பதற்கான சட்டம். அதைத் தயாரித்த குழுவிலும் உள்கட்டமைப்பு மேசையில் இருந்தவர்கள் உண்டு. கொரோனா நிவாரணத்திலிருந்து சாலைக்கு, சாலையிலிருந்து துப்பாக்கிக்கு, அங்கிருந்து தேர்தலுக்கு என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடினமான விஷயத்துக்குப் போக முடிந்தது. இந்த நிகழ்வில் வேகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

அது எல்லை இல்லாத வேகமும் இல்லை. 2024 பிப்ரவரியில் எல்லைப் பாதுகாப்பு பற்றி மூன்று செனட்டர்கள் மாதக்கணக்கில் பேசி முடித்த உடன்பாடு, வெளியான சில நாளிலேயே, 49–50 என்று விழுந்தது. முந்தைய அதிபர் அதை எதிர்த்தார், தேர்தல் வருஷம் வேறு. எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சியினரும் சிலர் இருந்தார்கள். பேசியது மூன்றே பேர், வாசகம் வெளியாகும்வரை இரு கட்சியிலும் வேறு யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை. 2021இல் 21 பேர் சேர்ந்த பிறகுதான் வெள்ளை மாளிகைக்குப் போனார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சங்கிலி விஷயத்தை முதல் நாளே எழுத்தில் தீர்த்திருக்க வேண்டும். இரண்டாவது மசோதா இருக்கிறது, அதை நாங்கள் எதிர்ப்போம், ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு நிபந்தனை இல்லை என்ற மூன்று வரி ஜூன் 24 அறிவிப்பிலேயே இருந்திருந்தால் அந்த வார இறுதி கழிந்த விதம் வேறாக இருந்திருக்கும். முற்போக்குப் பிரிவிடமும் அப்போதே நேர்மையாகப் பேசியிருக்கலாம். அவர்கள் பயந்தது வீணில்லை. தனியாக வர வேண்டிய பெரிய மசோதா அந்த டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் மறுத்ததால் விழுந்தது, அதன் சுருங்கிய வடிவம் 2022 ஆகஸ்டில்தான் நிறைவேறியது.

செனட்டில் பத்துப் பேர் உட்கார்ந்தபோது பிரதிநிதிகள் சபையிலிருந்தும் இரு கட்சியினரைச் சேர்த்திருக்க வேண்டும். அங்கே இரு கட்சிக் குழு ஒன்று ஏற்கனவே இருந்தது, டிசம்பர் 2020 வேலையில் அதற்குப் பங்கும் உண்டு. இந்த முறை மசோதாவைச் செனட் சமைத்து மேசையில் வைத்தது, சபை சாப்பிட மட்டும் கூப்பிடப்பட்டது. மூன்று மாதத் தாமதத்தில் பாதி அதனால் வந்தது என்பது என் கணிப்பு. தாமதம் ஆக ஆக, மசோதா சாலைகளைப் பற்றியதாக இல்லாமல் அதிபரைப் பற்றியதாக மாறியது. ஆகஸ்டிலேயே வாக்கெடுப்பு நடந்திருந்தால் அந்த 13 பேர் அவ்வளவு அடி வாங்கியிருக்கமாட்டார்கள்.

பணக்கணக்கில் முழுக்க ஈடுகட்டிவிட்டோம் என்று சொல்லியிருக்கவே கூடாது. ஒரு பகுதி கடன்தான், நாற்பது வருஷம் நிற்கும் பாலத்துக்குக் கடன் வாங்கலாம் என்று நேராகச் சொல்லி வாதாடியிருக்கலாம். தெரிந்தே பூசி மெழுகியதால், கணக்கு வந்த அன்று நல்ல எண்ணத்தோடு எதிர்த்தவர்களுக்குக்கூட நம்பிக்கை குறைந்தது.

இன்னொன்று, ஆபத்தில் வாக்களித்தவர்களைப் பற்றியது. ஓஹாயோ செனட்டர் ஓய்வு பெறப் போகிறவர், அவருக்கு எளிது. மறுபடி தேர்தலில் நிற்க வேண்டியவர்களுக்கு, முதல் வருஷத்திலேயே தொகுதியில் காட்டக்கூடிய வேலை வேண்டும். தயாராக வரைபடம் இருந்த பால வேலைகளை முதலில் எடுத்திருக்கலாம். பிட்ஸ்பர்க் பாலம் பதினோரு மாதத்தில் எழுந்தது, அவசரம் வந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

2023 ஜனவரி 4 அன்று கென்டக்கியின் கவிங்டன் நகரத்தில், ஓஹாயோ ஆற்றின் கரையில், அதிபரும் எதிர்க்கட்சியின் செனட் தலைவரும் ஒரே மேடையில் நின்றார்கள். பின்னால் தெரிந்தது 1963இல் திறந்த பழைய இரும்புப் பாலம். நாளுக்கு 80,000 வண்டிக்காகக் கட்டியது, அதன்மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுப்பாலம் கட்ட 160 கோடி டாலருக்கு மேல் மத்திய உதவி அறிவித்தார்கள். முந்தைய நாள்தான் பதவியிலிருந்து இறங்கியிருந்த ஓஹாயோ செனட்டரும் வந்திருந்தார். அதே நாள் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை தனக்கு ஒரு சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க மூன்று சுற்று வாக்கெடுப்பு நடத்தி, மூன்றிலும் முடியாமல் கலைந்தது.